பெயர் பொறிக்காத தச்சர்

குட்டி நண்பர்களே, ஓவிய வகுப்பில் படம் வரைந்து முடித்ததும் என்ன செய்வீர்கள்? கீழே மூலையில் அழகாக உங்கள் பெயரை எழுதுவீர்கள், இல்லையா? கைவேலைப் போட்டிக்குக் கொடுக்கும் பொம்மையின் அடியிலும் மறக்காமல் பெயர்ச்சீட்டு ஒட்டுவீர்கள்.

ஆனால் உலகப் புகழ் பெற்ற தச்சர் ஒருவருக்கு, தான் செய்த பொருள்களில் பெயரைப் பொறிக்கும் வழக்கமே இல்லை. அவரது முகம் எப்படி இருந்தது என்பதும் யாருக்கும் தெரியாது. அவரைப் பார்த்து வரைந்த படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவர் புதைக்கப்பட்ட இடத்தில் இன்று கல்லறையும் இல்லை. அப்படியிருந்தும் அவர் பெயர் இரண்டரை நூற்றாண்டுகளாக அழியாமல் இருக்கிறது.

அவர்தான் இங்கிலாந்து நாட்டின் தாமஸ் சிப்பண்டேல். பெயரை எழுதாதவரின் பெயர் எப்படி நிலைத்தது? வாருங்கள், பார்ப்போம்.

தச்சர் வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் பகுதியில் ஓட்லி என்ற சின்ன ஊர் இருக்கிறது. அங்குதான் 1718ஆம் ஆண்டு தாமஸ் பிறந்தார். அந்த ஆண்டு ஜூன் 5ஆம் தேதி அவருக்கு ஞானஸ்நானம் நடந்ததாகத் தேவாலயப் பதிவேடு சொல்கிறது. அப்பா ஜான் ஒரு தச்சர். அம்மா பெயர் மேரி. அவர்களுக்கு தாமஸ் ஒரே பிள்ளை. தாமஸ் சிறுவனாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். அப்பா மறுமணம் செய்துகொண்டார். தாமசுக்குத் தம்பி, தங்கைகள் பிறந்தனர்.

தச்சர் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு மரத்தூள் வாசனை புதிதல்ல. உளியும், இழைப்புளியும், ரம்பமும் கண்ணெதிரே இருந்தன. அப்பாவிடம் தொழில் கற்ற தாமஸ், பிறகு யார்க் நகரத்திலும் பயிற்சி பெற்றிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்தக் காலத்தில் பெரிய வேலை வேண்டுமென்றால் லண்டனுக்குத்தான் போக வேண்டும். ஓட்லியிலிருந்து லண்டன் 300 கிலோமீட்டருக்கும் அதிக தூரம். ரயில் கிடையாது. குதிரை வண்டியில் பல நாள் பயணம். பெரிய சொத்தோ, சிபாரிசோ இல்லாத அந்தக் கிராமத்துத் தச்சர், துணிந்து லண்டன் போய்ச் சேர்ந்தார். 1748ஆம் ஆண்டு மே மாதம் அங்கே கேத்தரின் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அவர்களுக்கு ஒன்பது குழந்தைகள் பிறந்தனர்.

கடல் கடந்து வந்த மரம்

தாமஸ் லண்டனுக்கு வந்த காலத்தில், இங்கிலாந்துப் பணக்காரர்களுக்கு ஒரு புதிய மரத்தின் மேல் ஆசை பிறந்திருந்தது. அதுதான் மகோகனி.

அதற்கு முன்பு அங்கே ஓக், வால்நட் மரங்களில்தான் கட்டில், அலமாரி செய்தார்கள். 1721ஆம் ஆண்டு, அமெரிக்கக் கண்டத்தில் இருந்த தனது குடியேற்றங்களிலிருந்து வரும் மரங்களுக்கு இறக்குமதி வரி வேண்டாம் என்று பிரிட்டன் சட்டம் போட்டது. உடனே ஜமைக்கா போன்ற தீவுகளிலிருந்து மகோகனி மரங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின.

மகோகனியின் நிறம் செம்பழுப்பு. மரம் மிகப் பெரிதாக வளர்வதால் அகலமான பலகை கிடைக்கும். பலகை எளிதில் வளையாது, வெடிக்காது. பூச்சியும் அவ்வளவு சுலபமாக அரிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, உளியால் பூ இதழ் போல மெல்லிய வேலைப்பாடு செய்தாலும் உடையாமல் நிற்கும். தச்சருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் குட்டி நண்பர்களே, இந்த அழகான மரத்துக்குப் பின்னால் ஒரு துயரமும் இருக்கிறது. காடுகளுக்குள் போய் அந்த மரங்களை வெட்டி, இழுத்து, ஆற்றில் மிதக்கவிட்டவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அவர்களுக்குக் கூலி கிடையாது, விடுதலையும் கிடையாது. அவர்களின் பெயர்களும் எந்தக் கட்டிலிலும் எழுதப்படவில்லை.

படுக்கையறைக்குள் ஒரு சுற்று

அந்நாளில் இங்கிலாந்துப் பிரபுக்களுக்குக் கிராமப்புறங்களில் மாபெரும் மாளிகைகள் இருந்தன. அரசரோ, வேறு பெரிய மனிதரோ விருந்தினராக வந்தால் தங்குவதற்கென்று தனிப் படுக்கையறையை அலங்கரித்து வைப்பார்கள். அந்த அறைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போமா?

நடுவில் நான்கு தூண் கட்டில். தூண்களின் மேலே மரத்தில் மேற்கட்டி. நான்கு பக்கமும் கனமான திரைச்சீலை. எதற்கு இத்தனை திரை? இங்கிலாந்துக் குளிர் பொல்லாதது. கணப்பு அடுப்பில் நெருப்பு அணைந்துவிட்டால் அறையே பனிக்கட்டி போலாகிவிடும். திரையை இழுத்து மூடிக்கொண்டால் கட்டிலே ஒரு குட்டி அறையாகி, உள்ளே கதகதப்பாக இருக்கும்.

அடுத்து துணி அலமாரி. அன்றைக்குச் சட்டையை ஹேங்கரில் மாட்டும் பழக்கம் இல்லை. அதனால் கதவைத் திறந்தால் உள்ளே வெளியே இழுக்கக்கூடிய தட்டுகள் இருக்கும். உடைகளை மடித்துத் தட்டுகளில் அடுக்குவார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இழுப்பறைப் பெட்டிகளை வைத்தது போன்ற உயரமான பீரோவும் உண்டு. அதன் மேல் இழுப்பறைக்கு வீட்டின் உயரமான ஆள்தான் வேண்டும்!

முகம் கழுவும் கிண்ணத்துக்கு ஒரு மேசை. முகம் மழிக்க, கண்ணாடி வைத்த இன்னொரு மேசை. கட்டிலருகே ஒரு குட்டி அலமாரி. அதற்குள் என்ன இருக்கும் தெரியுமா? சிறுநீர் கழிக்கும் பானை! குழாயும் கழிப்பறையும் இல்லாத காலம் அல்லவா? அந்தப் பானையை மறைக்கக்கூட, மகோகனியில் அருமையான வேலைப்பாட்டுடன் பெட்டி செய்தார்கள்.

இப்படிப்பட்ட பொருள்களைச் செய்பவர்கள் லண்டனில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஊருக்குப் புதியவரான தாமஸ் எப்படி முன்னுக்கு வருவது?

ரகசியத்தைப் புத்தகமாக்கியவர்

தொழில் ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைப்பதுதான் எங்கும் வழக்கம். தாமஸ் அதற்கு நேர்மாறாகச் செய்தார். தன்னிடம் இருந்த வடிவங்களை எல்லாம் படங்களாக வரைந்து, புத்தகமாக அச்சிட்டு, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்! 1754ஆம் ஆண்டு அந்தப் புத்தகம் வந்தது. பெரிய அளவில் அச்சிடப்பட்ட 160 படங்கள். கட்டில், நாற்காலி, அலமாரி, மேசை, கண்ணாடிச் சட்டம் என்று எல்லாம் அதில் இருந்தன. படங்களைச் செம்புத் தகடுகளில் செதுக்கி, அதிலிருந்து அச்செடுத்தார்கள். ஒரு தச்சர் இத்தனை பெரிய வடிவப் புத்தகம் வெளியிட்டது அதுவே முதல் முறை.

இதற்கு நிறையப் பணம் வேண்டுமே? அதற்கும் வழி இருந்தது. புத்தகம் வருவதற்கு முன்பே சந்தாதாரர்களைச் சேர்த்தார். 300க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் பிரபுக்களும் இருந்தார்கள். தாமசைப் போலவே உளி பிடிக்கும் தச்சர்களும் இருந்தார்கள்.

சிலர் அவரைக் கேலி செய்தார்கள். படத்தில் பார்க்க நன்றாக இருக்கும், மரத்தில் செய்யவே முடியாது என்று சொன்னார்கள். தாமஸ் அசரவில்லை. ஒவ்வொரு வடிவத்தையும் செய்து காட்ட முடியும், படத்தைவிட நேரில் இன்னும் அழகாக வரும் என்று புத்தகத்தின் முன்னுரையிலேயே பதில் கொடுத்தார்.

அடுத்த ஆண்டே மறுபதிப்பு வந்தது. 1762ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பில் 200 படங்கள். பிரெஞ்சு மொழியிலும் வெளியானது. புத்தகம் கப்பலேறி அமெரிக்காவுக்கும் போனது. பிலடெல்பியா நகரத் தச்சர்கள் அதைப் பார்த்து நாற்காலி செய்தார்கள். தாமசை ஒரு நாளும் நேரில் பார்க்காதவர்கள்கூட அவர் பாணியில் வேலை செய்தார்கள். நாளடைவில் அந்தப் பாணிக்கே சிப்பண்டேல் என்று பெயர் வந்துவிட்டது. அதற்கு முன்பு அரசர், அரசிகளின் பெயரில்தான் இங்கிலாந்தின் மரச்சாமான் பாணிகளைக் குறிப்பிடுவது வழக்கம். ஒரு தச்சரின் பெயர் அந்த இடத்தைப் பிடித்தது.

தீ வைத்த சோதனை

1754ஆம் ஆண்டு தாமசுக்கு இன்னொரு நல்லதும் நடந்தது. ஜேம்ஸ் ரானி என்ற ஸ்காட்லாந்து வணிகர் அவருக்குப் பங்காளியானார். ரானி பணம் போட்டார். தாமஸ் திறமையைப் போட்டார். லண்டனின் செயின்ட் மார்ட்டின்ஸ் லேன் தெருவில் பெரிய பட்டறை தொடங்கினார்கள். கடை வாசலில் அடையாளமாக நாற்காலிப் பலகை தொங்கியது.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1755ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பட்டறையில் தீப்பிடித்தது. மரமும், மரத்தூளும், பசையும், வார்னிஷும் நிறைந்த இடம். கேட்க வேண்டுமா? 22 தச்சர்களின் கருவிப் பெட்டிகள் எரிந்து போயின. அந்நாளில் தச்சர்கள் தங்கள் உளி, ரம்பங்களைச் சொந்தக் காசில்தான் வாங்கி வைத்திருப்பார்கள். கருவி போனால் பிழைப்பே போன மாதிரி.

ஆனாலும் தாமஸ் சோர்ந்து உட்காரவில்லை. பட்டறை மறுபடி எழுந்தது. முன்பைவிடப் பெரிதாக வளர்ந்தது. மரம் இழைப்பவர், செதுக்குபவர், தங்க முலாம் பூசுபவர், மெத்தை தைப்பவர், கண்ணாடி பொருத்துபவர் என்று பலரும் அங்கே வேலை செய்தார்கள். மெத்தைக்குள் திணிக்கும் இறகுகளுக்கென்றே தனி அறை இருந்தது! இத்தனை பேரின் வேலையையும் ஒன்று சேர்த்து, வாடிக்கையாளரிடம் பேசி, வடிவம் வரைந்து, பொருள் குறையில்லாமல் வந்ததா என்று பார்ப்பது தாமசின் பொறுப்பு.

மாளிகை முதல் சமையலறை வரை

1759ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் பிரபு, தன் புதிய மாளிகைக்குச் சாமான்கள் வாங்கினார். நீலப் பட்டுத் திரையிட்ட மகோகனிக் கட்டில் உட்பட ஏராளமான பொருள்களை தாமஸ் செய்து கொடுத்தார். அவற்றைக் கட்டி, பெட்டியில் அடைத்து, லண்டனிலிருந்து கப்பலில் அனுப்பினார்கள்.

யார்க்‌ஷயரில் உள்ள நாஸ்டெல் மாளிகைக்கும் அவர்தான் வேலை செய்தார். அங்கே சீனத்துச் சுவர்த்தாள் ஒட்டிய படுக்கையறைக்குப் பச்சை வண்ணம் தீட்டிய அழகான சாமான்கள் செய்தார். அதே மாளிகையின் சமையலறைக்கு இறைச்சி வெட்டும் மரக்கட்டையும் அவர் பட்டறையிலிருந்துதான் போனது. பெரிய வேலை, சின்ன வேலை என்று அவர் பார்க்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய வேலை, அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. ஓட்லிக்கு அருகே ஹேர்வுட் என்ற மாளிகையை எட்வின் லாசெல்ஸ் என்பவர் கட்டினார். அந்தக் குடும்பத்தின் செல்வம், பார்படோஸ் தீவில் அடிமைகளை வைத்து நடந்த சர்க்கரை வியாபாரத்தில் வந்தது. 1767ஆம் ஆண்டு தொடங்கி பல ஆண்டுகள் அங்கே வேலை நடந்தது. தங்க முலாம் பூசிய மாபெரும் கட்டிலும் அதில் ஒன்று.

பறிபோன பரிசுத் துணி

இங்கே நம் பக்கத்துக் கடற்கரையும் கதைக்குள் வருகிறது. டேவிட் காரிக் என்பவர் அப்போது இங்கிலாந்தின் புகழ் பெற்ற நாடக நடிகர். தேம்ஸ் நதிக்கரையில் இருந்த அவரது வீட்டுக்கு, வெள்ளையும் பச்சையுமாக வண்ணம் தீட்டிய கட்டில் ஒன்றைத் தாமசின் பட்டறை செய்து கொடுத்தது. காரிக்கின் மனைவிக்குக் கல்கத்தாவில் இருந்த நண்பர்கள் பரிசாகத் துணி அனுப்பினார்கள். கையால் பூவும் கொடியும் எழுதிச் சாயமேற்றிய அந்தப் பருத்தித் துணி, ஆந்திரக் கடற்கரையின் மசூலிப்பட்டினத்தில் நெய்யப்பட்டது. இன்று அந்த ஊரை மச்சிலிப்பட்டினம் என்கிறோம்.

ஆனால் இந்தியப் பூந்துணிகளை இங்கிலாந்தில் பயன்படுத்த அப்போது தடை இருந்தது. நம் துணிகளோடு அந்நாட்டு நெசவாளர்களால் போட்டி போட முடியவில்லை என்பதுதான் காரணம்! கட்டிலுக்கு வந்த துணியைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்துவிட்டார்கள். காரிக் மன்றாடிக் கேட்க வேண்டியதாயிற்று. அந்தக் கட்டில் இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வராத பணம்

இவ்வளவு வேலை செய்தவர் பெரும் பணக்காரராகி இருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை.

பிரபுக்கள் கட்டிலை உடனே கேட்பார்கள். பணத்தை மட்டும் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் கழித்துத்தான் கொடுப்பார்கள். அதுவரை மரத்துக்கும், பட்டுக்கும், தொழிலாளர் கூலிக்கும் தாமஸ்தான் கைக்காசு போட வேண்டும். 1766ஆம் ஆண்டு பங்காளி ரானி இறந்தார். அவரது பங்குப் பணத்தை எடுக்க வேண்டி வந்ததால் நெருக்கடி கூடியது. நாஸ்டெல் மாளிகைக்காரருக்குத் தாமஸ் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதி, பாக்கியைத் தரும்படி பணிவோடு கெஞ்சினார். அந்தப் பிரபுவோ, சாமான் வரத் தாமதமாகிறது என்று கோபித்துக்கொண்டார். பணம் வராமல் வேலை எப்படி நடக்கும்?

1771ஆம் ஆண்டு, ரானியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தாமஸ் ஹெய்க் புதிய பங்காளி ஆனார். அடுத்த ஆண்டு மனைவி கேத்தரின் இறந்தார். தாமஸ் 1777ஆம் ஆண்டு எலிசபெத் என்பவரை மணந்தார். சில ஆண்டுகளாகவே பட்டறைப் பொறுப்பு மெல்ல மெல்ல மூத்த மகன் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த மகன் பெயரும் தாமஸ்தான்.

1779ஆம் ஆண்டு நவம்பரில் தாமஸ் சிப்பண்டேல் காசநோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 61. அரண்மனை போன்ற வீடுகளை அலங்கரித்தவர், தன் குடும்பத்துக்கு விட்டுச் சென்றது சொற்பமே. லண்டன் தேவாலயம் ஒன்றின் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். பின்னாளில் நகரம் மாறியபோது அந்த இடுகாடும் மறைந்துவிட்டது. மகன் திறமைசாலிதான். ஆனால் அவரும் 1804ஆம் ஆண்டு கடனில் மூழ்கினார். 1813இல் பட்டறையும் கைவிட்டுப் போனது.

துப்பறிந்த ஆய்வாளர்கள்

தாமசின் புத்தகத்தைப் பார்த்து உலகமெங்கும் தச்சர்கள் சாமான் செய்தார்கள் அல்லவா? அதனால் பின்னால் ஒரு குழப்பம் வந்தது. எது தாமசின் பட்டறையில் செய்தது? எது அவர் புத்தகத்தைப் பார்த்து வேறொருவர் செய்தது? பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆய்வாளர்கள் துப்பறிவாளர்களைப் போல வேலை செய்தார்கள். பழைய மாளிகைகளின் பெட்டிகளைத் திறந்து, தூசி படிந்த ரசீதுகளையும், கடிதங்களையும், கணக்குப் புத்தகங்களையும் படித்தார்கள். ரசீதில் எழுதியிருக்கும் கட்டில், அறையில் நிற்கும் கட்டிலோடு பொருந்துகிறதா என்று ஒப்பிட்டார்கள். இப்படித் தேடியவர்களில் முக்கியமானவர் கிறிஸ்டோபர் கில்பர்ட். அவர் 1978ஆம் ஆண்டு தாமசைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். பாக்கி கேட்டுத் தாமஸ் அனுப்பிய ரசீதுகளே கடைசியில் அவர் கையெழுத்தாகிவிட்டன, பார்த்தீர்களா!

பாதி வழியில் திரும்பிய லாரிகள்

2007ஆம் ஆண்டு ஒரு பரபரப்பான சம்பவம் நடந்தது. டம்ஃப்ரீஸ் மாளிகையையும் அதில் இருந்த சாமான்களையும் அதன் உரிமையாளர் விற்க முடிவு செய்தார். 1759இல் 47 பவுண்ட் 5 ஷில்லிங் விலையில் வாங்கிய ஒரு புத்தக அலமாரி மட்டுமே 20 லட்சம் பவுண்டுக்கு மேல் போகும் என்று ஏலக்காரர்கள் மதிப்பிட்டார்கள். ஏலம் நடந்தால், 248 ஆண்டுகள் ஒன்றாக இருந்த சாமான்கள் ஆளுக்கொன்றாகச் சிதறிப் போகும். எந்த அறைக்காகச் செய்தார்களோ அந்த அறை வெறுமையாகிவிடும்.

சாமான்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் லண்டனுக்குக் கிளம்பியே விட்டன. அந்தக் கடைசி நேரத்தில், அன்று இளவரசராக இருந்த சார்லஸ் தலைமையில் பல அமைப்புகள் சேர்ந்து 4 கோடியே 50 லட்சம் பவுண்ட் திரட்டின. மாளிகையையும் சாமான்களையும் மொத்தமாக வாங்கிவிட்டார்கள். லாரிகள் வந்த வழியே திரும்பின. நீலக் கட்டில் மறுபடி அதே அறையில் இடம்பிடித்தது. இன்று பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம்.

தாமஸ் பிறந்து 300 ஆண்டுகள் ஆனதை 2018ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கொண்டாடினார்கள். ஓட்லியில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. முகம் தெரியாதவருக்குச் சிலை! சிற்பி கற்பனையில்தான் முகத்தை வடிக்க வேண்டியிருந்தது.

தனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எல்லோருக்கும் கொடுத்தார் தாமஸ். அதை எடுத்துக்கொண்டவர்கள் அவர் பெயரையும் கூடவே எடுத்துச் சென்றார்கள். பெயர் நிலைத்தது அப்படித்தான்.

குட்டி நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பழைய கட்டிலோ, மர பீரோவோ, தாத்தாவின் சாய்வு நாற்காலியோ இருக்கலாம். அதன் அடியில் குனிந்து பாருங்கள். பலகைகளை எப்படிக் கோத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அதைச் செய்த தச்சர் யார், எந்த ஊர்க்காரர், கூலி ஒழுங்காகக் கிடைத்ததா என்று தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். தெரிந்தால், அந்தப் பெயரை உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள்.